மாமாவப் பாத்துக்கறதுக்காக சண்டே ஸ்கூல விட்டேன், கர்த்தர் குடுத்த வேலைய பாதியில போட்டுட்டேனா?

சண்டே கிளாஸ் டீச்சர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செய்றேன், இப்பதான் முதல் தடவ எழுதறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

எங்க கோயில்ல 19 வருஷமா சண்டே ஸ்கூல் எடுத்துட்டு இருந்தேன். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த மறு வருஷமே உபதேசியார் வீட்டுக்கு வந்து "சின்னப் பிள்ளைங்க கிளாஸுக்கு ஆள் இல்லம்மா, நீ பாத்துக்கோ"ன்னு சொன்னாங்க, அன்னைக்குப் பிடிச்சது. கோயிலுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில பாய் விரிச்சு அஞ்சு வயசுல இருந்து எட்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க. வசனம் சொல்லிக் குடுக்கறது, விபிஎஸ்ங்கற லீவு வேதாகமப் பள்ளி, வசனப் போட்டி, கிறிஸ்மஸ் நாடகத்துக்கு ஆட்டுக்குட்டி வேஷம் தைக்கறது எல்லாம் நான்தான். அதுதான் ஆண்டவர் எனக்குன்னு குடுத்த வேலைன்னு மனசார நம்புனேன்.

போன வருஷம் மாமாவுக்கு, அதாவது எங்க வீட்டுக்காரரோட அப்பாவுக்கு, ஸ்ட்ரோக் வந்துச்சு. வலது கை கால் வரல, பேச்சும் போச்சு, சாப்பாடு முழுங்க முடியாம மூக்கு வழியா ட்யூப் போட்ருக்கு. அத்தை இறந்து ஆறு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுல அவங்க லாரி ஓட்டறாங்க, மாசத்துல பாதி நாள் வெளியூர். அதனால நான்தான். ஞாயித்துக்கிழமை காலையில மணி அடிக்கற நேரத்துலதான் மாமாவ உடம்பு தொடச்சி, துணி மாத்தி, கஞ்சி குடுக்கணும். மதினி வந்தா மட்டும் மாசத்துக்கு ஒரு தடவ திருவிருந்துக்குப் போயிட்டு வரேன்.

போன மாசம் அப்படிப் போனப்ப வெளியூர்ல இருந்து வந்த ஒரு ஊழியர் பிரசங்கம் பண்ணாங்க. யோவான் 17:4, "பூமியிலே நான் உம்மை மகிமைப்படுத்தினேன், நான் செய்யும்படி நீர் எனக்கு நியமித்த கிரியையைச் செய்து முடித்தேன்." இயேசு முடிச்சார், நீ முடிச்சியா, கர்த்தர் உன் கையில குடுத்தத பாதியில போட்டுட்டுப் போனா என்ன கணக்கு சொல்லுவன்னு திரும்பத் திரும்ப கேட்டாங்க. என்ன நெனச்சு சொல்லலன்னு தெரியும். ஆனா கோயில விட்டு வெளிய வரும்போது ஒரு அக்கா "நீ விட்டதுல இருந்து பிள்ளைங்க எல்லாம் சிதறிப் போச்சு, 26 பேர் இருந்த கிளாஸ்ல இப்ப 9 பேர்தான்"னு சொன்னாங்க. வீடு வர வரைக்கும் அழுதேன்.

என் கேள்வி இதுதான். மாமாவப் பாக்கறது கர்த்தர் குடுத்த கிரியையா, இல்ல எல்லா வீட்லயும் எல்லா மதத்துக்காரங்களும் செய்ற குடும்பக் கடமை மட்டும்தானா? இதுல தேவனுக்கு என்ன மகிமை, யாருமே பாக்கல. இன்னொன்னும் உள்ளத உள்ளபடி சொல்லிடறேன், எல்லா நாளும் அன்பா செய்யல. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மாமா ட்யூப இழுத்துட்டாங்க, நான் கத்திட்டேன். அவங்க கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்படி செய்ற வேலைய கர்த்தருக்குன்னு எப்படி சொல்றது.

ஓய்வு வாத்தியார்:

அம்மா, ஸ்தோத்திரம். 34 வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டயர் ஆனவன், லே ரீடரா, அதாவது குருப்பட்டம் இல்லாம ஆராதனை நடத்தறவனா, கொஞ்சம் பிரசங்கமும் பண்றவன், அந்த வசனத்துல நானும் பல தடவ பேசியிருக்கேன், அதனால சொல்றேன்.

"முடித்தேன்"னு இயேசு சொன்ன அந்த ராத்திரிய யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு கலிலேயாவுல குஷ்டரோகி எல்லாரும் சுகமாயிட்டாங்களா? இல்ல. பசியா இருந்தவன் எல்லாம் சாப்ட்டுட்டானா? இல்ல. யோவான் 5ஆம் அதிகாரத்த எடுத்துக்கோங்க, பெதஸ்தா குளம், அஞ்சு மண்டபம், அதுல குருடர், சப்பாணி, சூம்பின உறுப்புள்ளவங்கன்னு அநேகர் படுத்திருக்காங்க. ஆண்டவர் போய் நின்னது 38 வருஷம் வியாதியா கெடந்த ஒரே ஒருத்தன்கிட்ட. அந்த ஒருத்தன எழுப்பி விட்டுட்டு கூட்டத்துக்குள்ள மறஞ்சு போயிட்டார்னு அதே அதிகாரத்துல இருக்கு. மத்தவங்க அங்கயேதான் படுத்திருந்தாங்க. மாற்கு ஒண்ணுல "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்"னு பேதுரு வந்து சொல்றப்ப கூட, வாங்க அடுத்த ஊருக்குப் போவோம்னுதான் சொல்றார். தேவை இருந்த எடத்துல எல்லாம் அவர் நிக்கல. பிதா சொன்ன எடத்துல நின்னார்.

அதனால அந்த வசனத்துல அழுத்தம் குடுக்க வேண்டிய வார்த்தை "முடித்தேன்" மட்டும் இல்லம்மா, "நீர் எனக்கு நியமித்த"ங்கறதும்தான். ரெண்டு வசனம் தள்ளி ஆறாம் வசனத்துல அந்த வேலை என்னன்னு அவரே சொல்றார், நீர் எனக்குத் தந்த மனுஷருக்கு உம்முடைய நாமத்த வெளிப்படுத்தினேன்னு. தந்த மனுஷர். எண்ணிக்கையே சொல்லல. உங்ககிட்ட 19 வருஷம் 26 பிள்ளைங்கள தந்தார், இப்ப ஒரு பெரியவர தந்திருக்கார். 26ல இருந்து ஒண்ணுக்கு எறங்கிட்டதா நீங்க நெனைக்கறீங்க, வேதம் அப்படிக் கணக்கு போடல.

எல்லா மதத்துக்காரங்களும் செய்றதுதானேன்னு கேட்டீங்க. ஆமா செய்றாங்க, நம்மள விட நல்லா செய்றவங்களும் உண்டு. அதுக்காக அது கர்த்தர் குடுத்தது இல்லன்னு ஆயிடாது. 1 தீமோத்தேயு 5:4ல சொந்தக் குடும்பத்த விசாரிக்கறத பவுல் "தேவபக்தியாய்"ங்கற வார்த்தையோட சேத்துதான் எழுதறார். கொர்பான்னு காணிக்க பேர சொல்லி தாய் தகப்பன விட்டுட்டவங்கள ஆண்டவர் என்ன சொன்னார்னு மாற்கு ஏழுல படிச்சுப் பாருங்க, நீங்க பயப்படற விஷயத்துக்கு நேர் எதிரா இருக்கும்.

கீபோர்டு தம்பி:

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். அந்தப் பிரசங்கம் தேவையான பிரசங்கம்தான்னு நெனைக்கிறேன். உங்களுக்கு இல்ல, என்னப் போல ஆளுங்களுக்கு. எங்க சபையில ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஈவினிங் ட்யூஷன் ஒண்ணு நானும் ரெண்டு ப்ரண்ட்ஸும் ஆரம்பிச்சோம், ஜெபம் பண்ணி பிரதிஷ்ட பண்ணி எல்லாம்தான் ஆரம்பிச்சோம், எட்டு மாசம் கூட ஓடல, ஒருத்தனுக்கு வேல, ஒருத்தனுக்கு கல்யாணம், எனக்கு ஒண்ணுமே இல்ல சும்மா சோம்பல், விட்டுட்டேன். "குடும்பம் இருக்கு"ன்னு சொன்னா யாரும் கேள்வி கேக்கறதில்ல. கொலோசெயர் நிருபம் கடைசியில பவுல் சபை முன்னாடியே பேர சொல்லி எழுதறார், அர்க்கிப்பைக் கண்டு, நீ கர்த்தரிடத்தில் பெற்ற ஊழியத்தை நிறைவேற்றும்படி கவனமாயிருன்னு சொல்லுங்கன்னு. அந்த வசனம் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுல குத்தும். அதனால எல்லாத்துக்கும் "பரவால்ல, ஆண்டவருக்குத் தெரியும்"னு சொல்லிட்டு போறது எனக்கு சரியா படல.

ஒரே ஒரு கேள்வி கேக்கறேன், நீங்க கிளாஸ விட்டப்ப யார்கிட்டயாவது ஒப்படச்சீங்களா? யாரு யாரு பிள்ள, எது வீட்ல அப்பா குடிக்கறார், எது தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க கஷ்டப்படும், இதெல்லாம் உங்க தலைக்குள்ளதானே இருக்கும்.

சண்டே கிளாஸ் டீச்சர்:

வாத்தியார் ஐயா, பெதஸ்தா குளத்த நான் எத்தன தடவ பிள்ளைங்களுக்கு ஃப்ளாஷ் கார்டு காட்டி சொல்லிக் குடுத்திருக்கேன், மத்தவங்க அங்கயே படுத்திருந்தாங்கங்கறத ஒரு நாள் கூட யோசிச்சதில்ல.

தம்பி, நீ கேட்டது வலிக்குது ஆனா சரியான கேள்வி. ஒப்படைக்கல. ஆஸ்பத்திரியில 17 நாள் இருந்தோம், திரும்ப வந்து திரும்பிப் பாக்க நேரமே இல்ல. அட்டெண்டன்ஸ் நோட்டு இப்பவும் என் பீரோவுலதான் இருக்கு.

நைட் டியூட்டி:

அக்கா நான் ஸ்டாஃப் நர்ஸ், நியூரோ வார்டுல 12 வருஷம். வசனம் எல்லாம் பெரியவங்க சொல்லிட்டாங்க, நான் வேலையப் பத்தி சொல்றேன்.

ராத்திரி ட்யூப இழுக்கறது வேணும்னு செய்றது இல்ல, மூக்குக்குள்ள அரிக்கும், தூக்கத்துல கை தானா போகும். பிளாஸ்திரிய மூக்குல மட்டும் ஒட்டாம ட்யூப கன்னத்துலயும் சேத்து ஒட்டி காதுக்குப் பின்னாடி கொண்டு போய் விடுங்க, கைக்கு எட்டற மாதிரி தொங்கக் கூடாது. வெளிய வந்துடுச்சுன்னா நீங்களே திரும்ப உள்ள தள்ளாதீங்க, நர்ஸ் கிட்டயோ டாக்டர் கிட்டயோதான் போடணும், தப்பா நுரையீரலுக்குள்ள போயிடும். கஞ்சி குடுக்கறப்ப தலப் பக்கம் நல்லா உசத்தி வைங்க, குடுத்து முடிச்சு அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும், ஒடனே படுக்க வச்சா புரையேறிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைங்க, இடுப்பு எலும்பு, குதிகால், தோள்பட்ட இந்த எடங்கள்ல தோல் செவந்திருக்கான்னு தெனமும் வெளிச்சத்துல பாருங்க. பெட்சோர்ங்கற படுக்கப் புண் வர எடம் அதுதான். ஏர் பெட் இருந்தாலும் திருப்பறத விடக் கூடாது.

இதெல்லாம் எழுதும்போது ஒண்ணு தோணுச்சு. வருஷக்கணக்கா படுத்த ஒருத்தர் முதுகுல புண் இல்லாம எங்க வார்டுக்கு வந்தா நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துப்போம், யாரு இந்தப் பேஷண்ட வீட்ல பாத்துக்கறதுன்னு கேப்போம். வீட்ல ஒருத்தர் ராத்திரி ராத்திரியா எந்திரிச்சிருந்தாதான் முதுகு அப்படி இருக்கும். யாருமே பாக்கலன்னு சொன்னீங்க, அந்த முதுகப் பாத்தா தெரியும் அக்கா.

கத்தினதுக்கு, மாமாகிட்ட மன்னிப்பு கேளுங்க. பேச்சு போனதால அவங்களுக்குப் புரியாதுன்னு இல்ல, நெறய பேருக்கு நாம பேசறது நல்லாவே புரியும், பதில் சொல்லத்தான் வார்த்த வராது. இன்னொரு விஷயம், பேச்சு போனவங்களுக்கு கூட சின்ன வயசுல மனப்பாடம் பண்ணின பாட்டு, ஜெபம், வசனம் இதெல்லாம் சில நேரம் தானா வரும், தண்ணி வேணும்னு சொல்ல முடியாதவங்க பாட்ட முழுசா பாடறத நான் பாத்திருக்கேன். எல்லாருக்கும் வரும்னு சொல்ல மாட்டேன். மாமா கோயில் மனுஷரா இருந்தா 23ஆம் சங்கீதத்த மெதுவா சொல்லிப் பாருங்க, பாதியில நிறுத்துங்க, மீதிய அவங்களுக்கு விடுங்க. அவசரப்படாதீங்க.

தரங்கைக்காரன்:

நான் தரங்கம்பாடி பக்கம், லுத்தரன் சபை. பாதியில விடறதப் பத்தி பேச்சு வந்ததால எங்க ஊர்க் கதைய சொல்லாம இருக்க முடியல.

சீகன்பால்க் ஐயர் (எங்க பக்கம் பாதிரியார ஐயர்னுதான் சொல்லுவோம்), ஜெர்மன் மிஷனரி, 1706 ஜூலை 9ஆம் தேதி எங்க கடற்கரையில வந்து எறங்கினார். வந்து எறங்கினவருக்கு தமிழ் ஒரு எழுத்து தெரியாது. 1708ல இங்க இருந்த டேனிஷ் அதிகாரி அவர நாலு மாசம் சிறையில போட்டார். வெளிய வந்து 1711ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல முடிச்சிட்டார். ஜெர்மனியில இருந்து அனுப்பின தமிழ் அச்செழுத்து ரொம்ப பெரிசா இருந்துச்சு, பேப்பர் பத்தாது, அதனால இங்கயே சின்ன எழுத்தா வார்த்து 1715ல அச்சடிச்சு முடிச்சாங்க. பழைய ஏற்பாட்டையும் ஆரம்பிச்சார். ஆதியாகமத்துல இருந்து ரூத் வரைக்கும் வந்தார். 1719 பிப்ரவரி 23ல எறந்துட்டார், வயசு 36தான். முந்தின வருஷம் அக்டோபர்ல அவரே பிரதிஷ்ட பண்ணின புது எருசலேம் ஆலயத்துக்குள்ளதான் கல்லறை, நான் ஞானஸ்நானம் எடுத்த கோயில் அதுதான்.

ரூத்தோட நின்னுபோன அந்த வேலைய, அவர் எறந்த வருஷமே வந்து சேந்த சூல்சே ஐயர் எடுத்து 1728க்குள்ள முழுப் பழைய ஏற்பாட்டையும் அச்சுக்குக் கொண்டு வந்தார். அதுவும் போதாதுன்னு 1740ல வந்த பப்ரிஷியஸ் ஐயர் ஒவ்வொரு வரியா திருத்தி திருத்தி 30 வருஷத்துக்கு மேல ஒக்காந்தார், அவர் கடைசி காலத்துல கடனுக்காக சிறைக்கே போனவர், 1791ல சென்னையில எறந்தார். அப்புறமும் யாழ்ப்பாணத்துல ஒரு கை, சென்னையில ஒரு கைன்னு போய் 1871ல பவர் ஐயர் தலைமையில ஒரு திருத்தின மொழிபெயர்ப்பு வந்துச்சு, நீங்க மேல எழுதின "நியமித்த கிரியையைச் செய்து முடித்தேன்"ங்கற வசனம் அந்த வழியா நம்ம கைக்கு வந்தது.

சீகன்பால்க் முடிச்சாரா முடிக்கலையா? ரூத்துக்கு அடுத்து வர சாமுவேல் புத்தகத்த அவர் தொடக் கூட இல்ல. ஆனா எங்க ஊர்ல எந்தக் கிழவிகிட்ட கேட்டாலும் அவர் வேலைய விட்டுட்டுப் போனார்னு சொல்ல மாட்டா. ரூத் வரைக்கும் அவருக்குக் குடுத்தது, அதுக்கப்புறம் வேற ஆளுக்குக் குடுத்தது. கீபோர்டு தம்பி கேட்ட கேள்விதான் இங்கயும் முக்கியம்னு தோணுது, கையெழுத்துப் பிரதி பத்திரமா இருந்ததால அடுத்தவர் அந்த எடத்துல இருந்து எடுத்தார். பீரோவுக்குள்ள இருக்கற நோட்ட எடுங்க சிஸ்டர்.

களக்காட்டுக்காரன்:

அக்கா நான் இன்னொரு பக்கத்துல இருந்து எழுதறேன். பனையில இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ ஒண்ணும் கெடையாது, 11 வருஷமா படுக்க. எங்க அம்மாவும் தங்கச்சியும் பாத்துக்கறாங்க. இத மார்மேல போன வச்சு ஒரு விரலால அடிக்கறேன், எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

படுத்திருக்கவனுக்கு என்ன கஷ்டம்னா, நம்மளால ஒருத்தர் வாழ்க்க நின்னு போச்சேங்கறதுதான். உங்க மாமா கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு எழுதினீங்களே, நீங்க கத்தினதுக்காக இருக்காது அக்கா, உங்களுக்கு இப்படி பாரமா ஆயிட்டேனேன்னு இருக்கும். என் தங்கச்சி என்னைத் திருப்பிப் போடும்போது சில நாள் முணுமுணுக்கும், ஆனா போர்வைய இழுத்து கால் விரல மூடிட்டுதான் போகும். எனக்கு அந்த கால்ல உணர்ச்சியே கெடையாது, குளிரும் தெரியாது. அது தெரிஞ்சும் மூடும். அந்த ஒரு இழுப்புலதான் எனக்கு இன்னும் ஜெபம் பண்ணத் தோணுது. வேற யார் பிரசங்கமும் எனக்கு அத செய்யல.

எங்க ஊர்லதான் டோனாவூர்ல பிள்ளைங்கள வளத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல ஒரு குழியில விழுந்து அடிபட்டாங்க, அதுல இருந்து 1951ல எறந்து போற வரைக்கும் பெரும்பாலும் படுக்கதான். அந்த அறைக்குள்ள இருந்தே எழுதினாங்க, பிள்ளைங்களுக்கு ஜெபம் பண்ணினாங்க. அப்ப அவங்களையும் யாரோ திருப்பிப் படுக்க வச்சிருப்பாங்கல்ல, அவங்க பேரு எனக்குத் தெரியாது. சின்ன வயசுல இருந்து அந்த அம்மா கதைய கேட்ருக்கேன், படுத்ததுக்கு அப்புறம்தான் அந்தப் பேர் தெரியாதவங்கள நெனைக்க ஆரம்பிச்சேன்.

ஓய்வு வாத்தியார்:

நேத்து களக்காட்டுத் தம்பி எழுதினதப் படிச்சுட்டு தூக்கம் வரல, யோவான் 19ஆம் அதிகாரத்த எடுத்து ஒக்காந்துட்டேன். எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில ஆண்டவர் சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைகள தனித்தனியா பிரிச்சு பேசியிருக்கேன், அடுத்தடுத்து வர வசனமா சேத்துப் படிச்சதில்ல.

26, 27ல சிலுவையில தொங்கிட்டே தாயப் பாக்கறார், அன்பா இருந்த சீஷனப் பாக்கறார், "அதோ, உன் தாய்"ங்கறார், அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். ஒடனே 28ஆம் வசனம் எப்படி ஆரம்பிக்குது பாருங்க, "அதன்பின்பு, எல்லாம் முடிந்தது என்று இயேசு அறிந்து." அதன்பின்பு. தாயப் பாத்துக்க ஒரு ஆள ஏற்பாடு பண்ணினதுக்கு அப்புறம். உலகத்தோட பாவத்த சுமந்துட்டு இருக்கற நேரத்துல, அம்மா நாளைக்கு எந்த வீட்ல இருப்பாங்கங்கறதும் அவர் கணக்குல இருந்துச்சு. யோவான் அத எழுதாம விட்ருக்கலாம், மத்த மூணு சுவிசேஷத்துலயும் அது இல்ல. இவர்தான் அந்த அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனவர், அதனால இவருக்குத் தெரியும்.

அந்த ஊழியருக்கு அந்த வசனத்த அப்படி பிரசங்கிக்க உரிமை உண்டு, நானும் பண்ணியிருக்கேன். அடுத்த தடவ நான் பண்ணினா 19:27ஐ விடாம படிப்பேன்.

சண்டே கிளாஸ் டீச்சர்:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், நடுவுல மாமாவுக்கு சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம், இப்ப பரவால்ல. அங்க நர்ஸ் திருப்பிப் பாத்துட்டு முதுகு நல்லா இருக்குன்னு சொன்னாங்க. நைட் டியூட்டி சிஸ்டர், உங்கள நெனச்சேன்.

நோட்ட எடுத்துட்டேன். என்கிட்ட ஏழு வயசுல படிச்ச பொண்ணு, இப்ப காலேஜ் மூணாவது வருஷம், அவள வரச் சொன்னேன். சனிக்கிழம சாயந்திரம் வீட்டுக்கு வரா, மாமா கட்டில் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு ஒக்காந்து மறுநாள் பாடத்த ரெண்டு பேரும் சேந்து தயார் பண்றோம். ஒவ்வொரு பிள்ளையப் பத்தியும் சொல்லி எழுதிக்கிட்டா. போன வாரம் 11 பேர் வந்தாங்களாம். நின்னுபோன ரெண்டு பேர அவ வீட்டுக்கே போய் கூட்டிட்டு வந்திருக்கா, எனக்கு அது தோணினதே இல்ல, நான் வரவங்களுக்கு மட்டும்தான் எடுத்துட்டு இருந்தேன்.

மாமாகிட்ட மன்னிப்பு கேட்டேன். இடது கையால என் கைய தட்டினாங்க.

சங்கீதம் தெனமும் ராத்திரி கஞ்சி குடுத்து ஒக்கார வச்சிருக்கற அந்த அரை மணி நேரத்துல சொல்றேன். முதல் நாள் ஒண்ணும் இல்ல, ரெண்டாவது நாளும் இல்ல. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்"னு சொல்லி நிறுத்தினேன், உதடு அசஞ்சுது, சத்தம் வரல. தெனமும் அந்த எடத்துல நிறுத்தறேன். போன சனிக்கிழம அந்தப் பொண்ணும் இருந்தா. "நான்"னு ஒரு சத்தம் வந்துச்சு, தெளிவா இல்ல, ஆனா ரெண்டு பேருமே கேட்டோம். "தாழ்ச்சியடையேன்" இன்னும் வரல. இன்னைக்கு ராத்திரியும் சொல்லுவேன். களக்காட்டுத் தம்பி, உன் தங்கச்சிக்கு என் ஸ்தோத்திரத்த சொல்லு.